காரணம் மாமியார்

காலையில் எழுந்தான். குடத்தில் தண்ணீர் பிடித்தான். தேநீர் போட்டான். அம்மாவிடம் ஒரு டம்ளரைக் கொடுத்தான். இன்னொன்றைக் குனிந்து சாப்பாட்டு மேசைக்கு அடியில் நீட்டினான். மனைவியின் கை வந்து வாங்கிக்கொண்டது.

பக்கத்துத் தெருவில் குண்டு விழுந்ததிலிருந்து அவள் குடித்தனம் அங்கேதான்.

"மகாராணிக்குக் கீழ்மாடி வசதியா இருக்கா?"

"இருக்கு. கொசுதான் வாடகை கேக்குது."

அவளுக்குக் கேலி பேச வந்தது, தூக்கம்தான் வரவில்லை. யாராவது கதவைச் சாத்தினாலே உடம்பு உதறியது. கணக்கு டீச்சரான அவள் பள்ளிக்கூடம் போய் வெகுநாளாயிற்று. மனநல மருத்துவமனையில் சேர்த்தால் தேறிவிடுவாள் என்றார் டாக்டர். இன்சூரன்ஸ் பணம் இல்லாமல் அந்த வாசலை மிதிக்க முடியாது.

அம்மா அக்கம்பக்கத்தில், "முதுகுவலி. தரையில படுக்கச் சொல்லியிருக்காங்க," என்று சொல்லி வைத்திருந்தாள். மருமகளுக்கு மனசு சரியில்லை என்று தெரிந்தால் குடும்ப மானம் கப்பலேறிவிடுமாம்.

அன்று இன்சூரன்ஸ் அதிகாரி விசாரணைக்கு வந்தார். நல்ல மனிதர்.

"சட்டம் மாறிடுச்சு தம்பி. உடம்புக்கு எப்படியோ மனசுக்கும் அப்படித்தான். குடுத்தே ஆகணும்."

அவன் வயிற்றில் பால் வார்த்தது.

"ஆனா போரால வந்த நோய்க்குக் கிடையாது. பாலிசியில விலக்கு இருக்கு."

"போர் நடக்கிறப்ப வேற எதால சார் வரும்?"

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "வீட்டுப் பிரச்சினைன்னா கிடைக்கும். புருஷன் அடிச்சாரு, மாமியார் கொடுமை... அந்த மாதிரி."

"நான் அடிச்சேன்னு எழுதுங்க."

அதிகாரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். காற்றடித்தால் சாயும் உடம்பு. "மேலிடத்துல நம்ப மாட்டாங்க தம்பி."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னே வந்தாள்.

"என்னைப் போடுங்க. சோறு போடல. சூடு வெச்சேன். இன்னும் என்ன வேணும்?"

"ஊரு சிரிக்குமேம்மா!"

"போடா. மாமியார் கொடுமைக்கு எவ சிரிப்பா? எல்லா வீட்லயும் நடக்கறதுதானே."

அதிகாரி பேனாவைத் திறந்தார். "அவங்க வாயால சொல்லணும்." சிரமப்பட்டு முட்டி போட்டு மேசைக்கு அடியில் குனிந்தார். "ஆமான்னு ஒரு வார்த்தை போதும்மா. நாளைக்கே சேர்த்துக்குவாங்க."

அவள் வெளியே வந்தாள். மாமியாரின் தோளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"எழுதிக்கோங்க சார். குண்டு போட்டது எங்க அத்தை இல்ல."