நூற்றுப் பதினோரு கோடியும் ஏழு பேரும்

பஞ்சு அந்தக் காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார், கைநீளத்துக்குத் தள்ளிப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மூன்றாம் தடவையும் பார்த்தார். அப்புறம்தான் உரக்க வாசித்தார்.

"தாராவி கிளப். அரையிறுதி ஆட்டம். பார்க்க வந்தவர்கள், நூத்திப் பதினோரு கோடியும் ஏழு பேரும்."

மாட்டுங்காவில் அந்தப் பள்ளிக்கூட ஹாலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்த பதினெட்டு கிளப்புக்காரர்களும் சிரித்த சிரிப்பில் சுவரிலிருந்த பல்லி கீழே விழுந்தது. விழுந்ததைத் தாராவி சார்பில் வந்திருந்த வெயிலுமுத்து தன் கண்ணால் பார்த்தான். அதுவும் சிரித்துக்கொண்டேதான் ஓடியது என்று பிற்பாடு தாராவியில் சொன்னான்.

"தேசத்து ஜனத்தொகையே நாப்பத்தஞ்சு கோடி சொச்சம்தானே ஓய்," என்றார் பஞ்சு. அவர் மாட்டுங்கா கிளப்பின் செக்ரட்டரி. ரயில்வே ஆபீசில் நாள் முழுக்க எண்களோடு குடித்தனம் நடத்துகிறவர். "சைனாவையும் சேர்த்தாத்தான் இந்தக் கணக்கு வரும். எல்லையிலே நிக்கறான்னு பேப்பர்லே போட்டானே, தாராவியிலே மேட்ச் பார்த்துண்டா நிக்கறான்?"

மறுபடியும் சிரிப்பு. வெயிலுமுத்துவுக்குக் காது மடல் கொதித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே அவனுக்குப் புரியவில்லை. எண்ணியது அவன். எழுதியது அவன். அதில் ஒரு தலை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

விஷயம் இதுதான். அறுபத்து நாலாம் வருஷத்து மழைக்காலத்தில் தாராவியும் மாட்டுங்காவும் கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டன. எந்த மைதானத்தில் இறுதி ஆட்டம் என்று அரையிறுதிக்கு முன்பே தகராறு. எந்தக் கிளப்புக்குக் கூட்டம் அதிகமோ அங்கே என்று கமிட்டி சொல்லி, இரண்டு பேரிடமும் அரையிறுதிக்கு வருகிற ஆட்களின் தொகையை எழுத்தில் கேட்டது. மாட்டுங்காவுக்கு மதில் உண்டு, கேட் உண்டு, மரத்தால் ஒரு காலரி உண்டு. அறுநூறு இருக்கை, வெள்ளைப் பெயிண்டில் நம்பர் போட்டது. ஆட்டம் அங்கே போனால் கேட்டுக்குள் நுழையப்போவது அந்த அறுநூறு பேர்தான். தாராவி ஜனம் தன் டீம் ஆடும் இறுதி ஆட்டத்தை மதிலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதனால்தான் தோல் கிடங்கு மேஸ்திரி காசிம் பாய், எண்ணும் வேலையை வேறு யாரிடமும் கொடுக்காமல் வெயிலுமுத்துவிடம் கொடுத்தார்.

வெயிலுமுத்து கிடங்கில் தோல் எண்ணுகிறவன். இருபது தோல் ஒரு கோடி. பம்பாய்த் தோல் வியாபாரத்தில் எந்தச் சேட்டும் வாய் திறந்து இருபது என்று சொல்லமாட்டான், கோடி என்பான். ஒரு கோடி ஆனதும் சணல் கயிற்றில் ஒரு முடிச்சு. பதினாறு வருஷமாக முடிச்சுப் போட்டுப் போட்டு, நம்மூர்ப் பாஷையில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டு என்பதையே அவன் மறந்துபோயிருந்தான். மறக்காமல் என்ன செய்வான்? நம்மூர்க் கோடியை அவன் எந்தக் காலத்தில் கண்டான்?

மழைக்காலத்தில் தோல் காயாது. எனவே தோல் காயப்போடும் பொட்டல்தான் தாராவியின் மைதானம். கிடங்குச் சுவருக்கும் ராட்சதத் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே உள்ள சந்து ஒன்றே வழி. அரையிறுதி அன்று அந்தச் சந்தில் கயிறும் கையுமாக நின்றான் வெயிலுமுத்து. குடைக்குள் குனிந்து பார்த்து எண்ணினான். கைப்பிள்ளைகளை விட்டுவிட்டான். பிறகு குழாய்மேல் நின்றவர்களை ஒரு நடை போய் எண்ணினான். கடைசியில் ஏணி வைத்துக் கிடங்குக் கூரைமேல் ஏறியபோது அங்கே ஏழு பேர். ஏழாவது ஆள் எதிர் டீமின் கோல்கீப்பர். பொட்டலின் வாசனை தாங்காமல் மேலே ஏறிவிட்டானாம். அவனையும் சேர்ப்பதா என்று வெயிலுமுத்து சற்று யோசித்தான். ஆட்டத்தைப் பார்க்கிறவன் ஆள்தானே என்று நியாயப்படி சேர்த்துக்கொண்டான். நம்பாதவர்கள் காசிம் பாயைக் கேட்கலாம். கூரைக்கு ஏணி பிடித்தவர் அவர்தான்.

இதையெல்லாம் அவன் ஹாலில் எழுந்து நின்று சொல்லி முடித்ததும், கமிட்டித் தலைவர் தலையை ஆட்டினார். வயதான மராட்டியர். "கோடி மத்லப் பீஸ். பராபர் ஹை," என்றார். கோடி என்றால் இருபது, சரிதான் என்று அவரே சொன்ன பிறகு சிரிப்பு அடங்கியது. இரண்டாயிரத்து இருநூற்று இருபத்தேழு பேர். மாட்டுங்கா எழுதிக் கொடுத்திருந்தது ஆயிரத்து இருநூறு.

பஞ்சு பென்சிலால் காகிதத்தைத் தட்டினார். "தோலை எண்றாப்பலே மனுஷாளை எண்ணியிருக்கீரா ஓய்?"

"ஆமா சார். தோலு ஒண்ணு குறைஞ்சாலும் சம்பளத்துல புடிச்சிருவாவ. அதனால தப்பா எண்ணிப் பழக்கமில்ல," என்றான் வெயிலுமுத்து. "உங்க பக்கம் ஆரு எண்ணுனா? அறுநூறு சீட்டுல ஆயிரத்து எரநூறு பேரு எப்படி உக்காந்தாவ, மடியிலயா?"

இந்தத் தடவை சிரிப்பு மாட்டுங்கா பக்கம் திரும்பியது. பஞ்சு சிரிக்கவில்லை. காகிதத்தில் அடுத்த வரிக்குப் போனார். மைதானத்தின் கொள்ளளவு என்ற இடத்தில் வெயிலுமுத்து, வந்தவர்கள் எல்லாரையும் கொண்டது என்று எழுதியிருந்தான். இருக்கைகள் என்ற இடத்தில், இல்லை.

தலைவர் அந்த வரியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். விதிப்படி கொள்ளளவு என்றால் இருக்கை. உட்கார்ந்தவன் பார்வையாளன், நின்றவன் வழிப்போக்கன். அவர் நல்ல மனிதர்தான், வருத்தத்தோடுதான் சொன்னார். கை தூக்கச் சொன்னார்கள். ஆட்டம் மாட்டுங்காவுக்குப் போனது.

ரயில் பாலம் ஏறி இறங்கி வீடு வரும்வரை வெயிலுமுத்துவுக்கு ஆறவில்லை. பொய் என்று சொல்லித் தள்ளியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். சரி என்று ஒப்புக்கொண்டு தள்ளினார்களே! பதினாறு வருஷத்தில் தான் உட்கார்ந்த இடங்களை யோசித்துப் பார்த்தான். ரயிலில் கம்பியைப் பிடித்து நின்றான். ரேஷனுக்கு நின்றான். குழாயடியில் நின்றான். தோலை நின்றுகொண்டு எண்ணினான். உட்கார்ந்தால்தான் ஆள் என்றால் பம்பாயில் ஆளே கிடையாது. இந்த ஊரையே ஆளில்லாத ஊர் என்று எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

அதற்குள் சங்கதி தாராவிக்கு அவனுக்கு முன்பே போய்ச் சேர்ந்து, சந்தில் பெயரும் வைத்துவிட்டார்கள். மறுநாள் முதல் அவன் நூத்திப் பதினோரு கோடி அண்ணாச்சி. சோறு போட்டுக்கொண்டே அவன் மனைவி பேராச்சி கேட்டாள்.

"அம்புட்டுக் கோடில என்னைய எண்ணுனியளா?"

"குழாய் மேல நின்னவுக எல்லாரையும் எண்ணியாச்சு."

"அப்ப நானும் வழிப்போக்கிதானாக்கும்," என்று சொல்லிவிட்டு அவள் குழம்பை ஊற்றினாள். அன்று குழம்பில் உப்பில்லை. அவனும் கேட்கவில்லை.

இறுதி ஆட்டத்தன்று மழை காலையிலேயே பிடித்துக்கொண்டது. அறுநூறு டிக்கெட்டு முடிந்ததும் மாட்டுங்கா மைதானத்தின் கேட்டைச் சாத்திவிட்டார்கள். முந்தின நாள் பஞ்சு ஆள் மூலமாக வெயிலுமுத்துவுக்கு ஒரு பாஸ் அனுப்பியிருந்தார். முதல் வரிசை, ஒன்றாம் நம்பர். மனசு உறுத்தியிருக்கும் போல. வெயிலுமுத்து அந்தப் பாஸைச் சுருட்டிச் சணல் கயிற்றின் முதல் முடிச்சுக்குள் வைத்து இறுக்கினான். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு எண்ண ஆரம்பித்தான்.

தாராவியிலிருந்து வந்தார்கள். சுனாபட்டியிலிருந்து வந்தார்கள். உள்ளே போக முடியாது என்று தெரிந்தே வந்தார்கள். மதிலைச் சுற்றிலும் குடைகளாக நின்றது தெரு. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மதிலுக்குள்ளிருந்து வரும் சத்தத்தை வைத்தே ஆட்டத்தைப் பார்த்தார்கள். உள்ளே கைதட்டினால் மாட்டுங்கா கோல். உள்ளே இழவு வீடு மாதிரி ஆனால் தாராவி கோல். அந்தக் கணக்குப்படி ஒன்றுக்கு ஒன்று. முதல் பந்து பாதி ஆட்டத்தில் வெடித்துவிட்டது என்றும், மிச்சம் இருப்பது ஒரே பந்து என்றும் உள்ளே சோடா கொடுத்துவிட்டு வந்தவன் சொல்லிவிட்டுப் போனான். நூற்று முப்பத்து நாலாவது முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தான் வெயிலுமுத்து.

அப்போதுதான் மதிலுக்கு மேலே அந்தப் பந்து எழும்பியது. மழையில் ஊறிக் கனத்து, இனி ஏறமுடியாது என்பதுபோல ஒரு கணம் அங்கேயே நின்று, வெளியே வந்து குடைகளின் மேல் விழுந்தது.

யாரும் திருப்பி எறியவில்லை. உள்ளே விசில் ஊதிற்று. நின்றது. மறுபடி ஊதிற்று. கேட் ஒரு ஆள் அளவுக்குத் திறந்தது. குடையோடு பஞ்சு வந்து நின்றார். அறுநூறு பேரையே கூட்டமாகப் பார்த்துப் பழகிய கண். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய்விட்டுத் திரும்பி வர அதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"வெயிலுமுத்து, பந்தைக் கொடுக்கச் சொல்லும். ஆட்டம் நின்னுண்டிருக்கு."

"வழிப்போக்கன்ட்ட பந்து எப்படி சார் இருக்கும்?" என்றான் வெயிலுமுத்து. குரலை உயர்த்தவில்லை. கயிற்றின் முதல் முடிச்சை எடுத்து அவர் கையில் வைத்தான். "நீங்களே எண்ணிருங்க. ஒரு முடிச்சுக்கு இருபது."

பஞ்சு அவன் முகத்தைப் பார்த்தார். உள்ளே விசில் ஊதிக்கொண்டே இருந்தது. குடையைத் தோளுக்கும் கழுத்துக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, முடிச்சுக்குள்ளிருந்து நனைந்து நீட்டிக்கொண்டிருந்த பாஸை விரலால் தடவினார். அடுத்த முடிச்சுக்கு விரல் நகர்ந்தது. உதடு அசைந்தது. இருபது. நாற்பது. அறுபது.

தெருவில், நீட்டிய கைகளின் மேல் ஒவ்வொரு தலையாகத் தாண்டி, பந்து பின்னால் பின்னால் போய்க்கொண்டிருந்தது.