தடம் பதியாத கோப்பு

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டேகாலுக்கு வரைபடம் பதில் சொன்னது: பூஜ்யம்.

"முட்டை," என்றான் பக்கத்து மேசை மின்னல், இரண்டு கையையும் தூக்கி. பள்ளிக்கூடத்தில் முட்டை வாங்கினால் திட்டு. அந்த அறையில் முட்டை என்றால் டீ. ஓட்ட வேண்டிய சோதனை ஒன்றுகூட இல்லை, மாற்றத்தை அப்படியே அனுப்பிவிட்டு நேரத்தோடு வீடு போகலாம் என்று அர்த்தம்.

டீச்சர் டீக்கு எழுந்திருக்கவில்லை. அவள் எந்தப் பள்ளியிலும் வேலை பார்த்தவள் இல்லை. எதைக் கேட்டாலும் பலகையில் படம் போட்டு விளக்க ஆரம்பித்துவிடுவாள், அதனால் அந்தப் பெயர்.

லிஃப்டுகளை இயக்கும் மென்பொருள் எழுதுகிற அலுவலகம் அது. அதற்கு நாலாயிரத்து இருநூறு சோதனைகள் இருந்தன. பொத்தானை அழுத்தினால் வருகிறதா, ஆள் நடுவில் நின்றால் கதவு திரும்புகிறதா என்று ஒவ்வொன்றும் ஒரு சின்ன ஒத்திகை. அத்தனையும் ஓடி முடிக்கப் பதினாலு மணி நேரம் பிடிக்கும். முன்பெல்லாம் ஒரு கமாவை மாற்றினாலும் வெள்ளி சாயங்காலம் எல்லாவற்றையும் ஓடவிட்டு, சனிக்கிழமை ஒருவர் வந்து தோற்றவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த ஒருவர் நாலு வருஷமாக டீச்சர்தான்.

அதற்காகத்தான் ஏழு மாதம் மண்டையை உடைத்து வரைபடத்தைக் கட்டினாள். ஈரக்காலோடு ஒருவர் வீட்டுக்குள் நடந்தால் எந்தெந்த அறைக்குப் போனார் என்று தரையே காட்டிக்கொடுக்கும் அல்லவா, அதே வேலைதான். ஒவ்வொரு சோதனையையும் தனியாக ஓடவிட்டு, அது நிரலில் எந்த வரிகளை மிதித்தது என்று குறித்துக்கொண்டாள். பிறகு பட்டியலைத் திருப்பிப் போட்டாள்: இந்த வரியை மாற்றினால் இந்தச் சோதனைகளைக் கூப்பிடு, மற்றவை தூங்கட்டும். பதினாலு மணி நேரம் இருபது நிமிஷமானது. கடந்த ஒன்பது சனிக்கிழமையும் அவள் வீட்டில் இருந்தாள். மகள் அதை நம்பவே நாலு வாரம் எடுத்துக்கொண்டாள்.

டீச்சர் மாற்றத்தைத் திறந்து பார்த்தாள். ஒரே வரி. கதவு திறந்து நிற்கும் நேரம் நாலு நொடியிலிருந்து மூன்று ஆகியிருந்தது. ஏதோ ஒரு கட்டடத்தில் கதவு ஆவென்று வாயைப் பிளந்துகொண்டு நிற்பதாகப் புகார். அந்த எண் நிரலில் இல்லை. இப்படிப்பட்ட எண்களை மட்டும் தனியாக எழுதி வைக்கும் அமைப்புக் கோப்பில் இருந்தது. நிரல் கிளம்பும்போது அதைத் திறந்து படித்துக்கொள்ளும்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மிதித்த வரிகளைத்தான் குறித்திருந்தாள். படித்த கோப்புகளைக் குறிக்கவில்லை. ஏழு மாதத்தில் ஒரு நாள்கூட அது தோன்றவில்லை.

"என்ன டீச்சர், முகத்துல ஈயாடல?"

"இது முட்டை இல்ல மின்னலு. பேப்பரையே திருத்தாம போட்ட மார்க்கு."

"நாலு மூணாச்சு, அவ்வளவுதானே. வானமா இடிஞ்சு விழப்போகுது?"

"அந்த நாலை யார் யார் எடுத்துக்கறாங்கன்னு தேடிப் பாரு."

அவன் தேடினான். நிரலில் மூன்று இடங்கள். அந்த வரிகளை வரைபடத்திடம் கொடுத்ததும் முப்பத்தொரு சோதனைகளை நீட்டியது. பன்னிரண்டு நிமிஷம் ஓடின. முப்பது பச்சை, ஒன்று சிவப்பு. சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்குக் கதவு எட்டு நொடியாவது திறந்திருக்க வேண்டும். நிரல் அதைச் சாதாரண நேரத்தைப் போல இரண்டு மடங்கு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இப்போது ஆறு.

மின்னல் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். "நாலாவே மாத்திடறேன். இன்னைக்குக் கதை முடிஞ்சுது. யார்கிட்டயும் மூச்சு விட வேணாம்."

"இதுவரைக்கும் எத்தனை முட்டைக்கு டீ குடிச்சோம்?"

அவளே எடுத்துப் பார்த்தாள். பதினொன்று. அதில் ஏழு வெறும் அமைப்புக் கோப்பு மாற்றங்கள். ஏழும் ஏற்கெனவே கட்டடங்களுக்குப் போய்ச் சேர்ந்து, ஏறுகிற இறங்குகிற ஆட்களோடு ஓடிக்கொண்டிருந்தன. சொன்னால் வரைபடத்தை நிறுத்திவிடுவார்கள். சனிக்கிழமைகள் போய்விடும். சும்மா இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது, கதவில் யாராவது சிக்கும்வரை.

பிறகு எழுந்து மேலாளர் அறைக்குப் போய், ஈரக்கால் கதையிலிருந்து ஏழு மாற்றம்வரை சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஏம்மா, உங்க வீட்டு ஓட்டையை நீங்களே டார்ச் அடிச்சுக் காட்டறீங்க."

"மழை பெய்ஞ்சா தானே தெரியும் சார். அப்ப நனையறது நாம இல்ல."

"மேலதிகாரிங்ககிட்ட இந்த வரைபடத்துக்கு நான்தான் மாரைத் தட்டிக்கிட்டேன்." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "ஏழையும் சேர்த்து முழுசா ஓட்டுங்க. படிக்கிற கோப்பையும் அது குறிச்சுக்க எவ்வளவு நாள் ஆகும்?"

"ஆறு வாரம்."

"அதுவரைக்கும் பழைய மாதிரிதான். சனிக்கிழமை யாரு?"

"தோத்தது எதனாலன்னு படிக்கத் தெரிஞ்சவ நான் ஒருத்திதானே."

திரும்பி வந்து எல்லாச் சோதனைகளையும் ஓடவிட்டாள். பிறகு வீட்டுக்குப் போன் போட்டாள். மகள்தான் எடுத்தாள். நாளைக்கு வீட்டில் இருக்க முடியாது, வேலை இருக்கிறது என்று சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது.

"எத்தனை சனிக்கிழமைம்மா?"

"ஆறு."

"முன்னாடியும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. நாலு வருஷம் ஆச்சு."

"அப்ப எப்ப முடியும்னு எனக்கே தெரியாது. இப்ப எதைச் சரி பண்ணணும்னு தெரியும்."

"அப்படின்னா?"

டீச்சர் பேனாவை எடுத்து, பழக்க தோஷத்தில் காகிதத்தில் ஒரு வீடு வரைய ஆரம்பித்தாள். பிறகு போனில் படம் தெரியாது என்று உறைத்தது. "நாளைக்கு நீயும் என்னோட ஆபீஸுக்கு வா," என்றாள். "காட்டறேன்."

"போரடிக்குமா?"

"ரொம்ப," என்றாள் டீச்சர்.