பின்படிக்கட்டு

விடுதி நடத்தும் கம்பெனி ஒன்று கரையோர மாளிகையை வாங்கிய மறுவாரமே, அளவெடுக்க ஒரு அம்மா வந்து சேர்ந்தார். கட்டடங்களுக்கு வரைபடம் போடுவது அவருக்குத் தொழில். கூட வரவேண்டிய ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டதால், அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்கக் காவல்காரரைத் தவிர அங்கே நாதியில்லை. நாற்பத்தைந்து வருடமாக அந்த வீட்டுச் சாவிகளை இடுப்பில் சுமந்தவர் அவர். ஊரார் வைத்த பெயர் சாவிக்கொத்து.

"புடிக்கிறேன்மா, இதென்ன மலையா?" என்று வந்தவர், இரண்டே நாளில் அந்த வேலையில் ஒன்றிப்போனார்.

கப்பல் வியாபாரம் செய்த ஒரு வெள்ளைக்காரன் கட்டிய வீடு அது. விருந்தாளிகள் படகில் வந்து இறங்க வேண்டும் என்று முகப்பைத் தண்ணீரைப் பார்த்து வைத்திருந்தான். தண்ணீர்வரை இறங்கும் அகலமான படிகள், மேலே எட்டுத் தூண்கள். பார்த்தால் கல், தட்டினால் செங்கல்லும் சுண்ணாம்பும். "அந்தக் காலத்துலயும் பவிசு காட்டத்தான் செஞ்சிருக்காங்க" என்று வரைபடக்கார அம்மா சிரித்தார். கூடம் பதினெட்டு அடி உயரம். ஜன்னல்களில் சாய்த்து அடுக்கிய மரச் சட்டங்கள் வெயிலை வெளியே நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விட்டன. வெள்ளைக்காரன் போன பிறகு ஒரு மொத்த வியாபாரி வாங்கினார். காவல்காரர் முதலாளி என்பது அவரைத்தான்.

மூன்றாம் நாள் கணக்கு உதைத்தது. மாடி அறைகளை உள்ளே அளந்து, சுவர்க் கனத்தையும் சேர்த்துக் கூட்டினால், வெளிச்சுவரைவிட நான்கு அடி குறைந்தது.

"நாலு அடி எங்க போச்சு ஐயா? சுவர் முழுங்கிடுச்சா?"

காவல்காரர் நாடாவைக் கீழே வைத்தார். "அந்தச் சுவர்ப் பக்கம் போக வேண்டாம்மா. உள்ளே படிக்கட்டு இருக்கு. என் பொண்டாட்டி செத்த இடம்."

வேலைக்காரர்கள் ஏறி இறங்குவது விருந்தாளிகள் கண்ணில் படக்கூடாது என்று கட்டிய படிக்கட்டு அது. முன்படிக்கட்டில் நான்கு பேர் கைகோத்து ஏறலாம். பின்படியில் ஒரே ஆள், அதுவும் தோளை ஒடுக்கிக்கொண்டு ஏற வேண்டும். ஜன்னல் கிடையாது, கைப்பிடி கிடையாது. வீடு நம் ஆள் கைக்கு வந்த பிறகும் பின்படி பின்படியாகத்தான் இருந்தது. காவல்காரர் மனைவி தினமும் காலையில் அதன் வழியாக முதலாளியம்மாவுக்கு வெந்நீர் சுமந்தாள். ஒருநாள் தவலையோடு மேலிருந்து உருண்டாள். மகளுக்கு அப்போது நாலு வயது.

"தடதடன்னு ஓடாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருப்போம்!" என்றார் முதலாளி. பத்தே நாளில் மேல்வாசலையும் கீழ்வாசலையும் செங்கல் வைத்து அடைத்து, பூசி, வெள்ளையடித்தாயிற்று. ஊர் நம்பியது, காவல்காரரும் நம்பினார். மகள் கொஞ்சம் எட்டி நடந்தாலே, "உங்கம்மா மாதிரி அவசரப்படாதே" என்று அதட்டியே வளர்த்தார்.

ஆனால் அளவு குறைந்தால் கம்பெனி விடாது. மறுநாள் கொத்தனார்கள் வந்து சுவரை உடைத்தார்கள். புழுக்க நாற்றம் அடங்கியதும், அந்த அம்மா விளக்கோடு உள்ளே நுழைந்து ஒவ்வொரு படியின் உயரத்தையும் அளந்துகொண்டே ஏறினார். கீழே நின்று காவல்காரர் குறித்துக்கொண்டே வந்தார். எட்டு அங்குலம், எட்டு, எட்டு. இருபத்தேழு படியும் எட்டு. உச்சியில் குரல் நின்றது.

"கடைசிப் படி ஒன்பதரை வருதே? மாடியில எப்பவாவது தரை மாத்தினாங்களா ஐயா?"

"அவ சாகறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான், முதலாளி மக கல்யாணத்துக்குச் சலவைக்கல் போட்டாங்க. நான்தான் சுமந்தேன்."

"அதான். மாடித் தரை ஒன்றரை அங்குலம் ஏறிடுச்சு. முன்படிக்கெல்லாம் கல்லு பதிச்சு சரிக்கட்டிட்டாங்க. இதை யாரும் திரும்பிக்கூடப் பாக்கலை." அவர் இறங்கி வந்தார். "இருபத்தேழு படி ஏறின காலு, அடுத்ததும் அதே உயரம்னுதான் நினைக்கும். இருட்டு வேற, கையில வெந்நீர் வேற. அவங்க ஓடியிருக்கணும்னே இல்லை ஐயா. மெதுவா நடந்திருந்தாலும் தடுக்கியிருக்கும்."

"அப்போ அவ மேல தப்பில்லையா?"

"இல்லவே இல்லை."

காவல்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது; ஒரு நிமிஷம்தான் இருந்தது. சலவைக்கல் பதித்த வாரம், மகளுக்குத் தலை வாரிக்கொண்டே மனைவி சொன்னது எங்கிருந்தோ கிளம்பி வந்தது. "மேல்படி கால்ல தட்டுதுங்க. முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்." அவர் சிரித்தார் அன்றைக்கு. "கல்யாண வீட்டுல இதையெல்லாமா போய்ச் சொல்றது? பாத்து நட."

அந்த அம்மாவிடம் அதைச் சொன்னார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அந்த அம்மா நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டு, அவர் அழுது ஓயும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் மகள் வீட்டுக்குப் போனார். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் ஒன்று விடாமல், தான் சிரித்தது உட்பட, சொல்லி முடித்தார்.

"பள்ளிக்கூடத்துல ஓட்டப்பந்தயம்னாகூட நான் ஓரமா நின்னுடுவேன்ப்பா" என்றாள் அவள், துணியைப் பார்த்தபடியே. "அம்மா மேல அவ்வளவு கோவம். ஓடி விழுந்து என்னை விட்டுட்டுப் போயிட்டாளேன்னு. அவகிட்ட எப்படிப்பா நான் இனிமே மன்னிப்புக் கேக்குறது?"

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில், நர்ஸ் உடுப்போடு அவள் மாளிகைக்கு வந்தாள். தனியாக மேலே ஏறினாள். கீழே நின்றவருக்கு அவளுடைய வெள்ளைச் செருப்புதான் தெரிந்தது. கடைசிப் படிக்குக் கீழே உட்கார்ந்து, அதன்மேல் விரல்களை வைத்துப் பார்த்தாள்.

"ஒன்றரை அங்குலம்னா ரெண்டு விரல்தானேப்பா" என்றாள். "ரெண்டே விரல்."

வெகுநேரம் கழித்து அவள் இறங்கி வந்தாள். கேட் வரை இருவரும் நடந்தார்கள்.

"கொஞ்ச நாளைக்கு எங்கிட்ட எதுவும் பேசாதீங்கப்பா" என்றாள் அங்கே நின்று. "என்னால முடியலை. சாப்பாட்டுக்கு மட்டும் தவறாம வந்துடுங்க."

லிஃப்ட் வைக்க அந்த மாதமே பின்படிக்கட்டை இடித்தார்கள். சாவிகளைக் கம்பெனிக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, காவல்காரர் மகள் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு அறை எடுத்துக்கொண்டார். மதியம் ஆனால் போவார். அவள் தட்டு வைப்பாள், பரிமாறுவாள், எதிரே உட்கார்ந்து தானும் சாப்பிடுவாள். அவர் கை கழுவிக்கொண்டு தன் அறைக்குத் திரும்புவார்.