பெரிய மாமா கொண்டுவந்த ப்ராசஸர்

நன்னிலம் கடைத்தெருவில் சுடர்விழி ஒரு சின்னக் கடை பிடித்திருந்தாள், கண்ணுகளா. கல்யாணப் பத்திரிகை, பேனர் எல்லாம் கம்ப்யூட்டரில் செய்து கொடுக்கிற கடை. மறுநாள் திறப்பு. ரெங்கம்மாள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைதான் முதல் வேலை. கம்ப்யூட்டர் மட்டும் இன்னும் ஒன்றுசேரவில்லை.

முழுசாக வாங்கக் கட்டுப்படியாகாது. பாகம் பாகமாக வாங்கித் தானே மாட்டிக்கொள்வதாக ஏற்பாடு. அவள் அம்மா ராஜாத்தி, "குத்துவிளக்கு வேணாம், சீராவே இதைக் கொண்டாங்க" என்று கூடப்பிறந்தவர்களிடம் சொல்லிவிட்டாள். அண்ணன் நெடுமாறனுக்கு ப்ராசஸர், தம்பி நல்லக்கண்ணுவுக்கு மதர்போர்டு.

"வாங்குறதுக்கு முன்னால ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கங்க மாமா" என்று சுடர் படித்துப் படித்துச் சொன்னாள். பேசுவார்களா? தட்டில் வைக்கிறதுக்கு முன்னாலேயே இன்ன சீர் என்று வெளியில் தெரிந்தால் அப்புறம் என்ன மதிப்பு?

திறப்புக்கு முதல்நாள் மத்தியானமே ரெண்டு மாமாவும் தாம்பாளத்தோடு வந்துவிட்டார்கள். பெரியவர் கொண்டுவந்த பெட்டி மேலே சந்தனம், குங்குமம். சின்னவர் ஒருபடி மேலே போய், பெட்டியைப் பிரித்து, புது டிராக்டருக்கு வைக்கிற மாதிரி போர்டின் நாலு மூலையிலும் பொட்டு வைத்திருந்தார்.

சுடர் பெரியவர் பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்தாள். சின்னவர் போர்டை ஒருதரம் குனிந்து பார்த்தாள்.

"பெரிய மாமா, இது அதுல உட்காராது."

"ஏன் பாப்பா? கடையிலயே இதான் ஒசத்தின்னான்."

"ஒசத்திதான். ஆனா சின்ன மாமா போர்டுல ப்ராசஸர் உட்கார்ற இடம் பூரா ஓட்டை. ஊசிக்கால் வச்ச ப்ராசஸர்தான் அதுல இறங்கும். உங்களோடது அடியில வழவழன்னு இருக்கிற ரகம்."

"அதாவது, சம்பா விதையைக் குறுவைக்கு விட்டுட்டோம்ங்கிற."

"எங்க விட்டுட்டோம்? விட்டது நீங்க" என்றார் நல்லக்கண்ணு.

"டேய்! உன் போர்டை மாத்துடா!"

எப்படி மாற்றுவது? பொட்டு வைத்த போர்டை எந்தக் கடைக்காரன் வாங்குவான்? சுடர் கொல்லைப்பக்கம் போய், பெரியவர் வாங்கிய மயிலாடுதுறைக் கடைக்கு போன் போட்டாள். கடைக்கார ஷமீரா சிரித்துவிட்டு, "பெட்டி மேல இருக்கிற சந்தனத்தை நான் தொடச்சுக்கிறேன். உள்சீல் பிரிக்கலேன்னா கொண்டாங்க, மாத்தித் தர்றேன்" என்றாள்.

வழி கிடைத்துவிட்டது. ஆனால் தாய்மாமன் கொண்டுவந்த சீரை எடுத்துக்கொண்டு போங்கள் என்று எந்த வாயால் சொல்வது? காதுகுத்தில் மாலை மாறிப்போனதற்கே ரெண்டு பொங்கல் வீட்டுப்படி ஏறாத மனுஷன் அவர்.

முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம் போய் நின்றாள். "மாமா, போர்டுங்கிறது தரை. கீழ கிடக்கும். ப்ராசஸர்தான் அதுமேல ஏறி உட்காரும்."

"மேலயா?"

"மேலதான். நீங்களே மாத்திட்டு வந்து, உங்க கையாலயே உட்கார வைக்கணும்."

"அப்ப நான் கீழயா?" என்றார் நல்லக்கண்ணு.

"நீ கீழ கெடந்து தாங்குடா" என்றாள் ராஜாத்தி.

சுடர் ஒரே வண்டியில் ரெண்டு மாமாவையும் ஏற்றி மயிலாடுதுறைக்கு அனுப்பினாள். போய்ச் சேர்ந்ததும் பெரியவரிடமிருந்து போன்: "ஒரே மாதிரி ரெண்டு ரகம் இருக்கு பாப்பா. எதை வாங்க?"

"தனியா கிராபிக்ஸ் கார்டு வாங்க நம்மளால ஆகாது மாமா. அந்த வேலையையும் ப்ராசஸரே பார்க்கிற ரகமாக் கேளுங்க. இல்லாட்டி மானிட்டர் கருப்பாவே நிக்கும். இந்த போர்டு அதை ஏத்துக்குமான்னும் கேளுங்க."

"என் போர்டு எல்லாத்தையும் ஏத்துக்கும்!" பின்னால் சின்னவர் குரல்.

"நீ சும்மா இரு. அந்தப் புள்ள கேக்கச் சொல்லுது."

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்துவிட்டார்கள். சுடர் போர்டை ஈரத்துணி படாமல் சுத்தம் செய்து வைத்திருந்தாள். கதிர் அறுத்துக் காய்த்த விரல்களால் நெடுமாறன் அந்தச் சின்னச் சில்லை, தூங்குகிற குஞ்சைத் தூக்குகிற மாதிரி தூக்கினார்.

"மூலையில முக்கோணம் இருக்கு பாருங்க. அதுக்கு நேரா வைங்க. அமுக்காதீங்க மாமா, தானா இறங்கும்."

இறங்கியது. மேலே காற்றாடியைப் பூட்டி, மற்றதையும் மாட்டி, சுடர் பொத்தானை அழுத்தினாள். காற்றாடி சுற்றியது. மானிட்டர் கருப்பாகவே நின்றது.

"அண்ணே, மூச்சு விடுங்க" என்றார் நல்லக்கண்ணு.

பளிச்சென்று திரை வெளுத்தது. சுடர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரெங்கம்மாள் வீட்டுப் பத்திரிகையை அடிக்க உட்கார்ந்தாள். பெரிய மாமா அதற்குள் வாசலில் நின்று யாருக்கோ போனில் கத்திக்கொண்டிருந்தார்: "ஓடுதுடா! ஆமா... தம்பியோடதுந்தான். சேர்ந்துதான் ஓடுது. என்னுது மேல!"