முப்பத்தொன்பது நாள் கடல்

2022ஆம் வருஷம் ஐப்பசி பதினேழு, வியாழக்கிழமை காலை, கடலே எட்டாத கம்பம் பள்ளத்தாக்கில், ராயப்பன்பட்டி செல்வினுடைய திராட்சைத் தோட்டத்துக் கிணற்றுக்குள் கடல் வந்தது. அறுபதடிக் கிணறு. புதன்கிழமை பாய்ச்சியது நல்ல தண்ணீர். மறுநாள் மோட்டார் போட்டவன் முகத்தில் உப்பு தெறித்தது. தண்ணீர் ஆறு மணி நேரம் நாலு படி ஏறியது, ஆறு மணி நேரம் நாலு படி இறங்கியது. மாட்டுக்கும் ஆகாது, கொடிக்கும் ஆகாது என்று தெரிந்ததும் செல்வின் பக்கத்துத் தோட்டத்து போரிலிருந்து குழாய் இழுத்துக்கொண்டான். ஊரில் அன்று இரண்டு கல்யாணம் இருந்ததால் இதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

செல்வினின் அக்கா சாராளைத் தேடித்தான் அது வந்திருக்கிறது என்று பிறகு முடிவானது. தூத்துக்குடிப் பக்கம் இருபத்திரண்டு வருஷம் கடல் ஆராய்ச்சி பார்த்தவள் அவள். ஆராய்ச்சியை நிறுத்திவிட்டார்கள். ஒரு மைக்ராஸ்கோப்போடும் மூன்று பெட்டி பாட்டில்களோடும் தம்பி வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவள் பார்த்தது மீனை அல்ல, தண்ணீரில் மிதக்கிற பொடி உயிர்களை, பிளாங்டன் என்பார்கள். "மீனப் புடிச்சிருந்தாக்கூட கொழம்பு வச்சிருக்கலாம். இவுக இருவது வருசமா கண்ணுக்குத் தெரியாததப் புடிச்சிட்டு வந்திருக்காக" என்று களையெடுக்கும் மொக்கம்மாள் சொன்னபோது சாராளும் சேர்ந்து சிரித்தாள்.

அந்த உயிர்கள் வாடையால் பேசிக்கொள்கின்றன. பெரியது ஒன்று சின்னதைக் கடித்தால், கடிபட்டதிலிருந்து ஒரு வாடை தண்ணீரில் கலக்கும். அதை அறிந்து அக்கம்பக்கத்தவை உடம்பைக் கசப்பாக்கிக்கொண்டு பிழைத்துவிடும். சாராளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். கடிபட்டது மற்றவை பிழைக்கட்டும் என்று அந்த வாடையை விடுகிறதா, இல்லை, சாகிற உடம்பு உடையும்போது தானாகக் கொட்டிப்போகிறதா? கடலில் அவள் வாளியை எடுப்பதற்குள் அலை எல்லாவற்றையும் கலக்கிவிடும். கிணற்றில் அலை இல்லை. நாற்பது நாள் போதும் என்று கணக்குப் போட்டாள். மோட்டார் போடாதே, வாளி விடாதே, கால் கழுவாதே என்று தோட்டத்தில் எல்லாரிடமும் சொல்லிவைத்தாள். எதற்காக என்று சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

தினமும் விடிந்ததும் படியிறங்கிப் பாட்டிலில் மொண்டு, பொழுதுசாய லென்ஸை விட்டு எழுந்தாள். தண்ணீர் முதலில் பச்சையாகி, பிறகு கூழாகக் கெட்டிப்பட்டது. முப்பதாம் நாள் கிணற்றுக்குள்ளிருந்து அவள் தனியாகச் சிரித்ததை மொக்கம்மாள் கேட்டிருக்கிறாள்.

முப்பத்தொன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சாராள் கோயிலுக்குப் போயிருந்தாள். மருந்தடிக்கிற ஈஸ்வரபாண்டி அன்று தோட்டத்துக்கு வந்தான். கொடியில் விழும் செவட்டை நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலக்கி இருபத்தைந்து வருஷம் அடித்ததில் நகக்கண்ணெல்லாம் நீலமாகிப்போனவன். கிணற்றை எட்டிப் பார்த்தவனுக்கு மனசு கேட்கவில்லை. படித்த பெண் இந்தப் பாசியிலா இறங்கி ஏறுகிறது என்று நினைத்தான். கம்பம் பள்ளத்தாக்கில் கிணறு பாசி பிடித்தால் துத்தத்தைச் சாக்கில் கட்டி, கயிற்றில் இறக்கி, மூன்று சுற்று இழுப்பார்கள். அவன் ஐந்து சுற்று இழுத்தான்.

சாராள் திரும்பியபோது தண்ணீர் அடிவரை தெரிந்தது.

"பாண்டி, கெணத்துல என்ன போட்ட?"

"துத்தம்க்கா. ரெண்டு கிலோ. உங்களுக்குக் கண்ணாடி கணக்கா இருக்கட்டும்னுதேன்."

அவள் படியில் உட்கார்ந்தாள். துத்தத்தில் அந்தப் பொடி உயிர்கள் மொத்தமும் செத்திருந்தன. வேகவைத்த முட்டைக்கோஸையும் கடற்கரையையும் சேர்த்தது போல ஒரு வாடை கிணற்றிலிருந்து எழும்பி ஊரை மூடியது. கடலுக்கு மேல் மேகம் கட்டுவதில் இந்த வாடைக்கும் பங்கு உண்டென்று அவளுக்குத் தெரியும். மத்தியானத்துக்குள் தோட்டத்தின் அளவுக்கு, வேலிக்கு வேலி அளந்து வைத்தது போல, ஒரு மேகம் நின்றது. நாலு மணிக்கு அந்த ஒன்றரை ஏக்கரில் மட்டும் உப்பு மழை பெய்தது. மறுநாளும் பெய்தது. ஒரு வாரத்தில் கிணறு காய்ந்து தரை தெரிந்தது. மேகம் மட்டும் கலையவில்லை.

விஷயம் புரிந்த பிறகு ஈஸ்வரபாண்டி ஒருநாள் வேலிக்கு வெளியே நின்று, மழையில் நின்றிருந்த சாராளைக் கேட்டான்.

"அதுக வேணும்னே விட்டுச்சாக்கா, தானா கொட்டுச்சா?"

"எல்லாம் ஒண்ணா கத்திருச்சு பாண்டி. கேட்டுப் பொழைக்க ஒண்ணாவது மிஞ்சியிருந்தாத்தான் சொல்ல முடியும்."

அவன் தலையைச் சொறிந்துகொண்டே அடுத்த தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போனான். தையில் கொடிகள் வெளுத்தன. மாசியில் செல்வின் கம்பியை அவிழ்த்து, கல்தூண்களைப் பிடுங்கி, கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டு ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஜீப் ஏறினான். அக்காளை அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மழை இன்றும் பெய்கிறது. மொக்கம்மாள் அந்த ஒன்றரை ஏக்கருக்குக் குடையை விரிக்கிறாள், தாண்டியதும் மடக்கிக்கொள்கிறாள். சாராள் நாலு மணிக்குப் பாட்டிலோடு போய் நிற்கிறாள். உயிரோடு ஒன்று விழுந்தால் போதும். நிறைந்ததும் வீட்டுக்கு வந்து லென்ஸில் பார்க்கிறாள். உப்பு இருக்கிறது. தேதி போட்டு, ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டு, ஈரத்துணியை மாற்றப் போகிறாள்.