எல்வின் ஏற்றிச் சென்ற இருபத்திரண்டு பேர்

அன்று காலை எல்வின் காரின் பின்சீட்டை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் தேநீர்க் கோப்பையுடன் போனேன். கை ஈரமாக இருந்ததால் கோப்பையைக் காரின் கூரைமேல் வைக்கச் சொன்னார்.

"நெஸ்ட், க்வென் அத்தைக்குப் போடற குஷன் எங்க?"

"படிக்கட்டுக்குக் கீழ. நாய் அதுமேல படுத்திருந்துச்சு."

"அத்தைக்கும் நாய்க்கும் ஆகாதே. நல்லாத் தட்டிக் கொண்டா."

தட்டிக் கொண்டுவந்து கொடுத்தேன். அதை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்து, பின்சீட்டில் வைத்தார். தேநீரை இரண்டு மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினார். முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் நாங்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது நாய் படுத்த குஷனைப் பற்றி.

அது வாக்குப்பதிவு நாள். எங்கள் வார்டு கவுன்சிலர் இறந்து இடைத்தேர்தல் வந்திருந்தது. தேர்தல் எதுவானாலும் வயதானவர்களை வாக்குச்சாவடிக்குக் காரில் அழைத்துப் போவது எல்வினின் வேலை. நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்த காலத்தில் தொடங்கியது; சுரங்கம் மூடிய பிறகும் விடவில்லை. எங்கள் நான்ட்கெல்லி மலைச்சரிவில் செங்குத்தாக இருக்கும் ஒரு வேல்ஷ் ஊர். வீடுகள் மேலே, வாக்குச்சாவடியான சேப்பல் கூடம், அதாவது சிறு தேவாலயத்தின் மண்டபம், கீழே. முழங்கால் போனவர்களுக்குக் கார் இல்லாமல் முடியாது.

யாரை அழைத்துப் போவது என்று கட்சிச் செயலாளர் ஹெய்டன் ஒரு பட்டியல் கொடுப்பார். எங்கள் பள்ளத்தாக்கில் கட்சி என்றால் ஒன்றுதான், அதற்குப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் 'நம்ம ஆட்கள்'. எப்போது யார் கேட்டு எழுதியது என்று யாருக்கும் நினைவில்லை. அப்பா நம்ம ஆள், அதனால் மகள் நம்ம ஆள், அவளைக் கட்டியவனும் நம்ம ஆள். இறந்தவர்களை மட்டும் அடித்துவிடுவார்கள். உயிரோடு இருப்பவரிடம் போய், "இந்தத் தடவையும் நமக்குத்தானே?" என்று கேட்பது அவமரியாதை. கதவைத் தட்டி, "கார் வந்திருக்கு" என்று சொன்னால் போதும்.

நான் இருபத்தாறு வருடம் ஊர் நூலகத்தில் வேலை பார்த்தவள். அந்தத் தேர்தலுக்கு மூன்று வருடம் முன்பு, கட்சியின் கையிலிருந்த கவுன்சில் அதை மூடியது. மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் கையெழுத்து வாங்கினோம், மழையில் அட்டை பிடித்து நின்றோம். வார்டு கட்சிக் கூட்டத்தில் அதை எதிர்க்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. எல்வின் அந்தத் தீர்மானத்துக்கு எதிராகக் கை தூக்கினார். வீட்டுக்கு வந்து தானாகவே என்னிடம் சொன்னார்.

"பணம் இல்ல நெஸ்ட். அதை வச்சிருந்தா முதியோர் பகல் மையத்த மூடணும். எதைன்னு சொல்லு?"

"ரெண்டையும் மூடாதீங்கன்னு சொல்லணும். அதுக்குத்தான் கை."

அதற்குமேல் நாங்கள் சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம். அடுத்த வருடம் பகல் மையத்தையும் மூடினார்கள்.

ஒரு புதுக்கட்சி எங்கள் ஊருக்கு வந்தது இப்படி ஒரு நேரத்தில். வேட்பாளர் வெளியூர்க்காரர் இல்லை. லின்வென், கடைத்தெருவில் முடி வெட்டும் கடை வைத்திருப்பவள். அவளுக்கு நான் சின்ன வயதில் படப் புத்தகம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். நூலகத்தைத் திறப்பேன் என்று துண்டறிக்கையில் போட்டிருந்தாள். அதன் பின்பக்கத்தில் வேறு விஷயம் இருந்தது: நாட்டுக்குள் வருகிறவர்கள், அவர்களை ஏற்றிவரும் படகுகள், நம்முடையதை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்றெல்லாம். எல்வினின் நெஞ்சைப் பதினெட்டு வருடமாகப் பார்த்துவந்த டாக்டர் பிலிப் கேரளத்திலிருந்து வந்தவர். இந்த வரிகள் அவரைப் போன்றவர்களையும் தொடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் பின்பக்கம் உள்ளே போகும்படி அந்தத் தாளை மடித்து வைத்தேன்.

எனக்கு முழங்கால் வலி என்று அஞ்சல் வாக்குக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். சீட்டு வந்த அன்று எல்வின் மருந்து வாங்கப் போயிருந்தார். சமையலறை மேசையில் உட்கார்ந்து லின்வென் பெயருக்கு நேரே குறி போட்டேன். உறையை ஒட்டி, நானே தெருமுனைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது முழங்கால் வலிக்கவில்லை. ஏதோ பெரிய காரியம் செய்ததுபோல் இருந்தது.

தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை, லின்வென் கடையில் இருந்தேன். செவ்வாய் எங்களைப் போன்ற ஓய்வூதியக்காரர்களுக்குப் பாதி விலை. ஒன்பது பெண்கள் இருந்தோம். அதில் ஏழு பேர் எல்வினின் பட்டியலில் உள்ளவர்கள். எண்பத்து நான்கு வயது க்வென் அத்தை தலை முழுக்கச் சுருள் மாட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"லின்வென், உன் தாள்ல படகு படகுன்னு போட்டிருக்கியேடி. இந்த ஊருக்குப் பஸ்ஸே வரல, படகு எங்க வரப்போவுது?"

எல்லோரும் சிரித்தோம். லின்வெனும் சிரித்தாள். "அத மேலிடத்துல அடிச்சு அனுப்பறாங்க அத்தை. முன்பக்கந்தான் என்னுது."

"எனக்கு இடுப்பு ஆபரேஷன். மூணு வருஷமா வரிசையில நிக்கறேன். அதுக்காக உனக்குப் போடறேன். படகுக்காக இல்ல, கேட்டுக்க."

"எப்படிப் போறீங்க வியாழக்கிழமை?" என்று யாரோ கேட்டார்கள்.

"வேற எப்படி? எல்வின் வருவான்."

"கூட்டிட்டுப் போறது எல்வின், குறி வாங்கறது லின்வென்!"

முடி உலர்த்தியின் சத்தத்தையும் மீறிச் சிரிப்பு எழுந்தது. பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நான் அங்கே இருப்பது நினைவுக்கு வந்தது. என் தலையைப் பிடித்திருந்த லின்வென் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"நெஸ்டுது ஏற்கெனவே தபால்ல போயிடுச்சு. இல்லக்கா?"

அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன். தலையசைத்தேன். எனக்குப் பின்னால் ஒரு பெருமூச்சுக் கேட்டது.

"அப்பாடா," என்றார் க்வென் அத்தை. "வீட்டுல போய்ச் சொல்லிடாதடி."

"நான் எதுக்குச் சொல்றேன்," என்று நானும் சிரித்தேன்.

மறுநாள் மாலை எல்வின் மேசையில் பட்டியலை விரித்துப் பெயர்களைத் தெருவாரியாக வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். அந்தக் குளிர்காலத்தில்தான் அவருக்கு இதயக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் பிலிப் என் முன்னாலேயே சொல்லியிருந்தார்.

"இந்தத் தடவை ஹெய்டன் மகன்கிட்ட விடேன்," என்றேன்.

"அவனா? அவன் ஓட்டற வேகத்துக்குக் கிழங்க பாதி வழியிலயே போயிடும். இவங்க என்னை நம்பி இருக்காங்க நெஸ்ட்."

அப்போது சொல்லியிருக்கலாம். அவர்கள் உன் ஆட்கள் இல்லை எல்வின், உனக்கெதிராக ஓட்டுப் போடுவதற்குத்தான் உன் காரில் ஏறுகிறார்கள் என்று. சொன்னால் அடுத்த கேள்வி உனக்கு எப்படித் தெரியும் என்பது. அதற்கு அடுத்த கேள்வி என்னைப் பற்றியது. அவருக்கு வலிக்குமே என்று நான் வாயை மூடிக்கொள்ளவில்லை. என்னைக் காத்துக்கொள்ளத்தான் மூடிக்கொண்டேன். இதை எழுதிப் பார்க்க எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

"வேல்ஷ் கேக் கொஞ்சம் கட்டிக் குடு. அவங்களுக்குப் பசிக்கும்," என்றார். பன்னிரண்டு வைத்துக் கட்டினேன்.

வியாழன் முழுவதும் தூறிக்கொண்டே இருந்தது. மதியம் அவர் வீட்டுக்கு வரவில்லை. நாலேகால் மணிக்கு ஹெய்டன் போன் செய்தார். சேப்பல் கூடத்துப் படியில் எல்வின் உட்கார்ந்துவிட்டார், நான் உடனே வர வேண்டும் என்றார். பக்கத்து வீட்டுக்காரர் காரில் போனேன். படியில் படுக்கவைத்து, யாருடைய கோட்டையோ போர்த்தியிருந்தார்கள். வாக்குச்சாவடி அதிகாரி மண்டியிட்டு அவர் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸ் வர ஐம்பது நிமிடம் ஆனது. அதற்கு வெகுநேரம் முன்பே முடிந்துவிட்டது.

லின்வென் முந்நூற்றுச் சொச்சம் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தாள். எல்வின் ஒருவரைக்கூட ஏற்றியிருக்காவிட்டாலும் ஜெயித்திருப்பாள்.

அடக்கம் முடிந்து சேப்பல் கூடத்தில் தேநீரும் ஹாம் சாண்ட்விச்சும் கொடுத்தோம். இடம் கொள்ளவில்லை. ஹெய்டன் எழுந்து பேசினார்.

"நாம தோத்துட்டோம். அத மறைக்க வேண்டியதில்ல. ஆனா அன்னைக்கு இந்த ஊர்ல உறுதியா விழுந்த ஓட்டு எதுன்னு கேட்டா, எல்வின் கூட்டிட்டு வந்த இருபத்திரண்டுதான். கடைசி மூச்சுலயும் நம்ம ஆட்களக் கொண்டுவந்து சேத்தான்."

எல்லோரும் கைதட்டினார்கள். செவ்வாய்க்கிழமைப் பெண்கள் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியும் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. லின்வென் கதவருகே கறுப்புக் கோட்டில் நின்று அழுதுகொண்டிருந்தாள். நான் ஹெய்டனுக்கு நன்றி சொன்னேன்.

ஐந்து வாரம் கழித்து க்வென் அத்தை வந்தார். இரண்டு தெரு ஏறி, ஊன்றுகோலோடு, தனியாக. மூச்சு வாங்க உட்கார்ந்தார். தேநீர் வேண்டாம் என்றார். அவர் தேநீர் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"அன்னைக்குக் கார்ல நான் அவன்கிட்ட சொல்லிட்டேண்டி."

"என்ன சொன்னீங்க?"

"இந்தத் தடவை உனக்கு இல்லடா எல்வின்னு. நான் பிடிச்சு நடக்கற கம்பிச் சட்டத்த மடிச்சு உள்ள வச்சான், பெல்ட்ட மாட்டிவிட்டான், காலுக்குக் கம்பளியப் போத்திவிட்டான். நீ குடுத்த கேக்கையும் தின்னுட்டு வாய மூடிட்டு உக்கார மனசு கேக்கல."

"அவர் என்ன சொன்னாரு?"

"'தெரியும் அத்தை'ன்னான். 'இன்னைக்கு மூணாவது நடை போறப்பவே தெரிஞ்சுபோச்சு. எல்லாரும் ரொம்ப மரியாதையாப் பேசினாங்க. என் வண்டிய ஒருத்தரும் கிண்டல் பண்ணல. பின்ன எப்படித் தெரியாம இருக்கும்?'னு கேட்டான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதுதான் எல்வின். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"தெரிஞ்சும் ஏன் ஓட்டினாரு?"

"நானும் கேட்டேன். 'அப்ப இறங்கி நடக்கறீங்களா?'ன்னான்."

அத்தை ஊன்றுகோலின் பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதோடு முடியவில்லை என்று தெரிந்தது.

"சேப்பல் திருப்பம் வந்ததும் கேட்டான். 'எங்க நெஸ்டும் அப்படித்தானா அத்தை?'ன்னு."

நான் நிமிர்ந்து அத்தையைப் பார்த்தேன்.

"'நெஸ்டா? போடா. அவ செத்தாலும் மாறமாட்டா'ன்னேன். தெரிஞ்சேதான் சொன்னேன். தப்பாடி?"

"அதுக்கு அவரு என்ன சொன்னாரு?"

"விசிலடிச்சான்."

"நம்பினாரா?"

"எனக்கு எப்படித் தெரியும்? பின்சீட்டுல இருந்தவளுக்கு அவன் கழுத்துதான் தெரிஞ்சுது."

அதற்குப் பிறகு நடந்ததையும் சொன்னார். எல்வின் அந்தக் கம்பிச் சட்டத்தைத் தூக்கிப் படிகளுக்கு மேலே வைத்துவிட்டு இறங்கி வந்து அத்தையைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். ஏழாவது படியில், "ஒரு நிமிஷம் அத்தை," என்று சொல்லி உட்கார்ந்திருக்கிறார். அத்தை விளையாட்டு என்று நினைத்து, "கிழவி நானா, நீயாடா?" என்று கேட்டிருக்கிறார். அத்தை அன்று உள்ளே போகவில்லை. ஓட்டே போடவில்லை.

அத்தை கிளம்பிப் போனார். என்னைக் குடைந்தது அத்தையின் பொய் அல்ல. எல்வினுக்கு என்மேல் சந்தேகம் இருந்திருக்கிறது. எத்தனை நாளாக என்று தெரியாது. கை தூக்கிய அன்றிலிருந்தே இருக்கலாம். முந்தைய நாள் மாலை மேசைக்கு எதிரே நான் உட்கார்ந்திருந்தபோது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் நான் பொய் சொல்வேன் என்று பயந்தாரா, உண்மையைச் சொல்வேன் என்று பயந்தாரா? அதனால்தான் தன்னிடம் இதமாகப் பேசக்கூடிய ஒரு கிழவியிடம் போய்க் கேட்டிருக்கிறார்.

அடுத்த ஆண்டு மே மாதம் கவுன்சிலுக்கு முழுத் தேர்தல் வந்தது. நூலகம் திறக்கவில்லை. அது லின்வென் கையில் மட்டும் இல்லை என்று எனக்கும் தெரியும். அஞ்சல் வாக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வாக்குப்பதிவு அன்று நடந்தே இறங்கினேன். ஹெய்டன் கட்சியின் ரிப்பன் பூவைச் சட்டையில் குத்திக்கொண்டு சேப்பல் கூடத்து வாசலில் நின்றிருந்தார்.

"நெஸ்ட்! சொல்லியிருந்தா கார் அனுப்பியிருப்பேனேம்மா."

"ஹெய்டன், ஒண்ணு சொல்லணும். போன தடவை நான் நமக்குப் போடல."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எல்வின் உட்கார்ந்த படியைப் பார்த்தார்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சும் இருக்கலாம். நான் சொல்லல."

"நான் கேக்கலையே, நெஸ்ட்," என்றார் மெதுவாக. "நான் உன்கிட்ட கேக்கவே இல்லையே."

"அதான் நானே சொல்றேன்."

அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். உள்ளே, நாற்பது வருடமாக என்னைத் தெரிந்த பெண் என் பெயரையும் முகவரியையும் கேட்டாள். சொன்னேன். பட்டியலில் என் பெயர்மேல் அளவுகோல் வைத்துக் கோடு போட்டுச் சீட்டைக் கொடுத்தாள். மறைப்புக்குள் போனேன். பென்சிலைக் கட்டியிருந்த நூல் என் முதல் தேர்தலில் இருந்ததுபோலவே குட்டையாக இருந்தது. குனிந்துதான் எழுத வேண்டியிருந்தது.