வியாழக்கிழமை ஹெல்மெட்

சனிக்கிழமை ஆட்டம் தொடங்க இன்னும் நாற்பத்தொன்பது மணி நேரம் இருந்தது. படைவீரர் சங்கக் கூடத்தின் சுவர்க் கடிகாரம் பன்னிரண்டைத் தொட்டபோது, டெனீஸ் பார்ட்டோஷ் மனத்துக்குள் கணக்கைத் திருத்திக்கொண்டு அடுத்த கிண்ணத்தில் சில்லி என்ற இறைச்சிக் குழம்பை ஊற்றினாள். கொஞ்சம் மேசை விரிப்பில் சிந்தியது. துடைத்தாள். கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஓர் இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருளை வைத்து நீட்டினாள்.

அமெரிக்க ஃபுட்பால் பருவம் முழுக்க வியாழக்கிழமை மதியம், ஃபோர்க் கல்லூரி அணியின் ரசிகர் சங்கமான ஆரஞ்சு கிளப்பின் சாப்பாடு இங்கேதான். ஆண்கள் உட்கார்ந்து பேசுவார்கள், பெண்கள் பரிமாறுவார்கள், உள்ளூர் வானொலி நேரடியாக ஒலிபரப்பும். அணியின் கோச் வந்து எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். போன கோச் இருபத்தொரு வருஷம் சொன்னார். புதியவர் ஆரன் லின்டெலுக்கு இது முதல் பருவம். அவரை இன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. கல்லூரித் தலைவர் பின்வரிசையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டு மணிக்குக் கல்லூரியில் ஒரு கூட்டம் இருக்கிறதாம்.

"முதல் வருஷமாம், முதல் வருஷம். எனக்கென்னமோ இது கடைசி வருஷம் மாதிரி தெரியுது." விதை வியாபாரி மெர்ல் ஸ்டாஃபர்தான் சொன்னார். கிளப்பின் தலைவர் அவர்.

"ஒரு கஜம், மெர்ல். ஒரே ஒரு கஜம் பாக்கி. என் மாமியார் வாக்கரைத் தள்ளிக்கிட்டே அதைக் கடந்திருப்பாங்க. இந்த ஆள் பந்தை உதைச்சு எதிராளிகிட்டயே குடுத்துட்டார்."

"உங்க மாமியாரைச் சேர்த்துக்கச் சொல்லுங்கப்பா. இப்ப ஆடறவனைவிட நல்லாத்தான் எறிவாங்க."

மேசை முழுக்கச் சிரிப்பு.

"கோச் வீட்டு முன்னால எத்தனை பலகை ஆச்சு?"

"இருபத்தெட்டு. ஹார்டுவேர் கடையில சரக்கே தீர்ந்துபோச்சு. நிஜமாவே வீட்டை விக்கணும்னு நினைக்கிறவனுக்கு ஒரு பலகை கிடைக்கலையாம், பாவம்."

பிடிக்காத கோச்சின் புல்வெளியில் 'வீடு விற்பனைக்கு' என்ற பலகையை நட்டுவிட்டு வருவது இந்தப் பக்கத்து வழக்கம். அந்த இருபத்தெட்டில் ஒன்றை டெனீஸின் கணவன் ரஸ் நட்டான். போன ஞாயிறு, தேவாலயத்திலிருந்து திரும்பும் வழியில். "ஒரு நிமிஷம்" என்று வண்டியை நிறுத்தி, பின்னாலிருந்து பலகையையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு இறங்கினான். ஐந்து அடி. ஒவ்வொரு அடியும் வண்டிக்குள் கேட்டது. சன்னலில் கோச்சின் மனைவி கையில் காபிக் கோப்பையுடன் நின்று பார்த்தாள். ரஸ்ஸைப் பார்க்கவில்லை. வண்டிக்குள் இருந்த டெனீஸைத்தான் பார்த்தாள். அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? டெனீஸால் கண்டுபிடிக்க முடியவில்லை. கால்மேல் கிடந்த தன் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் ஆறு ஆட்டத்தில் நான்கு வெற்றி. அப்போது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்திய குவார்ட்டர்பேக், டெனீஸின் மகன் வெஸ். ஆறாவது ஆட்டத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் மோதி அவனைக் கீழே தள்ளினார்கள். ஹெல்மெட் தரையில் பட்டு எம்பியது. எழுந்தான், கடைசிப் பந்தை எறிந்து ஜெயித்தும் கொடுத்தான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அடுத்த ஆட்டத்திலிருந்து லின்டெல் அவனை உட்காரவைத்துவிட்டார். காரணம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான்கு தோல்வி.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறையில் நடந்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது. டெனீஸ் அதை மனத்துக்குள்கூடச் சொன்னதில்லை. ரஸ் அப்போது வீட்டில் இல்லை. கண் தெளிந்ததும் வெஸ் முதலில் சொன்னது, "அப்பாகிட்ட சொல்லாதே" என்பதுதான். டாக்டரிடம் வர மறுத்தான். "எனக்கு இருபத்திரண்டு வயசும்மா. நாலு வருஷமா இதுக்காகத்தான் உயிரைக் குடுத்தேன். நீ யார்கிட்டயாவது வாயைத் திறந்தே, அப்புறம் நான் உன் பிள்ளையே இல்ல."

மறுநாள் அவள் கோச்சிடம் போய்ச் சொன்னாள். சொன்னவள் தான் என்பது மகனுக்கும் கணவனுக்கும் தெரியக்கூடாது என்று கெஞ்சினாள். லின்டெல் ஒத்துக்கொண்டார். "டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அதுவரைக்கும் அவன் மைதானத்துல கால் வைக்க மாட்டான்" என்றார். ஒவ்வொரு வாரமும் கேட்டார். ஒவ்வொரு வாரமும் அவள் அடுத்த வாரம் என்றாள்.

நேற்று அவர் தானியக் கிடங்குக்கே வந்துவிட்டார். டெனீஸுக்கு அங்கே சோளத்தின் ஈரப்பதம் பார்க்கிற வேலை. கருவி ஓடிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு என்னை அனுப்பிடுவாங்க, மிஸஸ் பார்ட்டோஷ். சனிக்கிழமை துணைக் கோச் ப்ரூஸ்டர்தான் நடத்துவார். அவர் முதல் வேலையா வெஸ்ஸை ஆட்டத்துல இறக்குவார்."

"நீங்க ப்ரூஸ்டர்கிட்ட சொல்லக்கூடாதா?"

"சொல்லாம இருப்பேனா? நான் வாக்குக் குடுத்தது என் நாற்காலியில இருக்கிற வரைக்கும்தான். ஆனா யார் நம்புவா? பதவி போனதும் கதை கட்டறான்னு சொல்வாங்க. வெஸ்ஸே இல்லைனு சொல்லிடுவான். நீங்க சொன்னாத்தான் ஆச்சு."

கருவி பதினைந்து புள்ளி நான்கு என்று காட்டியது. அவள் எழுதிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தபோது அவர் கதவருகே இருந்தார். "எனக்கு வேற ஊர் கிடைக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ராத்திரி முழுக்க அவள் சொல்லிப் பார்த்தாள். ரஸ்ஸின் முதுகைப் பார்த்து வாயைத் திறப்பாள், ஒன்றும் வராது. தோள்பட்டை எலும்பு உடைந்தும் அரை ஆட்டம் ஆடினவன் ரஸ். அதை இன்றைக்கும் ஊரில் சொல்வார்கள்.

கூடத்தின் கதவு திறந்தது. லின்டெல் உள்ளே வந்தார். வழக்கமாக எல்லாரும் எழுந்து கைதட்டுவார்கள். இன்று யாரும் எழவில்லை. அவர் தலைமை மேசையில் போய் உட்கார்ந்தார். ஒரு பக்கம் துணைக் கோச் ப்ரூஸ்டர். இன்னொரு பக்கம் வெஸ். ஒவ்வொரு வாரமும் ஒரு ஆட்டக்காரனை விருந்தினராகக் கூப்பிடுவார்கள். இந்த வாரம் வெஸ்ஸைக் கூப்பிட்டது வேண்டுமென்றேதான்.

மெர்ல் பழைய தோல் ஹெல்மெட்டைத் தூக்கிக் காட்டினார். கிளப்பின் சட்டம் அது. ஹெல்மெட் யார் கையில் இருக்கிறதோ அவரும், அவருக்குப் பதில் சொல்கிறவரும்தான் பேசலாம். முடிக்கும்வரை குறுக்கே யாரும் பேசக்கூடாது. முடித்ததும், அடுத்துக் கேட்கிறவருக்கு மறுக்காமல் கொடுத்துவிட வேண்டும். பெண்கள் யாரும் இதுவரை கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை.

"கோச், எளிமையா ஒரு கேள்வி" என்றார் மெர்ல். "ஜெயிச்சுக் குடுத்தவனை உட்கார வெச்சீங்க. அந்த அடி வாங்கியும் எழுந்து வந்தானே, அந்த மாதிரி ஒரு பையனை! அவனுக்குப் பதிலா ஆடறவன் பந்தைப் பார்த்தாலே பயப்படறான். ஏன்?"

"அது என் முடிவு, மெர்ல்."

ஹெல்மெட் கை மாறியது. சீருடையை ஏன் மாற்றினீர்கள்? தேவாலயத்தின் பான்கேக் காலை உணவுக்கு ஏன் வரவில்லை? வெஸ்ஸை ஏன் உட்காரவைத்தீர்கள்? மறுபடி வெஸ். மறுபடி. எல்லாவற்றுக்கும் அவர் ஒரே குரலில் பதில் சொன்னார். வெஸ்ஸைப் பற்றிக் கேட்டால் மட்டும் அது என் முடிவு என்றார்.

டெனீஸ் காபிக் கூஜாவுடன் மேசை மேசையாகப் போனாள். கண் மட்டும் மகனின் இடது கையில் இருந்தது. ஐந்து வாரமாக அவள் அந்தக் கையைத்தான் பார்க்கிறாள். சாப்பிடும்போது, படிக்கும்போது, வண்டிச் சாவியை எடுக்கும்போது. இரவில் அவன் அறை வாசலில் நின்று மூச்சை எண்ணுவாள்.

ஹெல்மெட் வெஸ்ஸின் கைக்கு வந்தது. மெர்ல்தான் கொடுத்தார். "சனிக்கிழமை நீ ரெடியாப்பா?"

"எப்பவுமே ரெடி சார்."

கைதட்டல் கூரையில் மோதியது. யாரோ மேசையைத் தட்டினார்கள். ப்ரூஸ்டர் குனிந்து காபிக் கோப்பைக்குள் சிரித்தார். டெனீஸ் கைதட்டவில்லை. வெஸ்ஸின் இடது கட்டைவிரல் ஹெல்மெட்டின் விளிம்பில் துடித்துக்கொண்டிருந்தது. ஒரு முறை, இரண்டு முறை, மூன்று. வெஸ் அதை மற்ற விரல்களுக்குள் மடக்கி மறைத்தான். வெறும் படபடப்பாகவும் இருக்கலாம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையும் அந்த விரலில்தான் ஆரம்பித்தது.

"குடுடா" என்று ரஸ் எழுந்து போய் மகனிடமிருந்து ஹெல்மெட்டை வாங்கினான். பெரிய உடம்பு. ஆரஞ்சு மேல்சட்டை. முகமும் ஏறக்குறைய அதே நிறத்துக்கு வந்திருந்தது.

"நான் நீட்டி முழக்க மாட்டேன். என் பையன் இந்த ஊர்ப் பையன். மூணு வயசுல இந்தக் கூடத்துலதான் பந்தைப் பிடிச்சு விளையாடினான். சனிக்கிழமை அவனோட கடைசி ஆட்டம், அதுவும் நம்ம பரம எதிரி டன்மோர்கூட. நீங்க எங்கிருந்தோ வந்தீங்க. ஒரு காரணம் சொல்லாம அவனை ஓரமா உட்கார வெச்சீங்க. வீட்டுக்கு வந்தா அவன் ஒரு வார்த்தை பேசறதில்லை. அவன் அம்மா ராத்திரி தூங்கறதில்லை. பார்க்கிற எனக்குத் தெரியாதா?" அவன் குரல் கரகரத்தது. "அவன் மேல உங்களுக்கு என்ன கோபம்? ஆம்பளையா நேரா சொல்லுங்க."

லின்டெல் நிமிர்ந்தார். அரை நொடி அவர் கண் டெனீஸின் மேல் வந்து நின்றது. பிறகு தன் கைகளைப் பார்த்தார்.

"அவன் மேல எனக்குக் கோபமே இல்ல, ரஸ். அது என் முடிவு."

"கேட்டீங்களா? இதுதான் பதில்!" யாரோ கத்தினார்கள். "ஷ், ஹெல்மெட்" என்றது இன்னொரு குரல். பின்வரிசையில் கல்லூரித் தலைவர் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார்.

அவர் கதவை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். டெனீஸ் கூஜாவைக் கீழே வைத்தாள். காபி உள்ளே அலம்புகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. ரஸ்ஸின் முன்னால் போய் நின்று கையை நீட்டினாள்.

"காபி அப்புறம், டெனீஸ்."

"காபி இல்ல ரஸ். அதை எங்கிட்ட குடு."

"எதை?"

"ஹெல்மெட்டை."

பக்கத்து மேசையில் ஒருவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார். ரஸ் ஹெல்மெட்டை மார்போடு வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான். "வீட்டுல பேசிக்கலாம், என்ன? ரேடியோ ஓடிட்டிருக்கு."

"கேட்டா குடுத்துடணும் ரஸ்" என்றார் மெர்ல் தயங்கித் தயங்கி. "சட்டம்ப்பா அது."

ஹெல்மெட் அவள் நினைத்ததைவிட லேசாக இருந்தது. தோலில் பல பேருடைய கையின் வியர்வை.

"அம்மா" என்றான் வெஸ். எழுந்துவிட்டான். முகத்தில் ரத்தமே இல்லை. "அம்மா, வேண்டாம். ப்ளீஸ்."

"ஹெல்மெட் என் கையில இருக்கு, வெஸ்."

அவன் நின்றபடியே இருந்தான். கல்லூரித் தலைவர் கதவுப் பிடியில் கை வைத்தவர் திரும்பினார். வானொலிக்காரர் ஒலிவாங்கியை அவள் பக்கம் நகர்த்தினார். அதில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் அந்த விளக்கைப் பார்த்தே பேச ஆரம்பித்தாள்.

"அந்த அடி விழுந்த மறுநாள்" என்றாள். "நீங்க எல்லாரும் பெருமையா சொல்றீங்களே, அந்த அடி. மறுநாள் காலையில எங்க சமையலறையில முட்டை பொரிச்சுக்கிட்டிருந்தேன். பின்னால நாற்காலி விழுந்தது."

ரஸ் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். மெர்ல் அவன் தோளில் கை வைத்தார்.

"கோச் இவனை உட்கார வெக்கல. நான்தான் போய் உட்கார வெக்கச் சொல்லிக் கெஞ்சினேன். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு வாக்கு வாங்கினேன். அவர் வீட்டு முன்னால நீங்க பலகை நட்டப்பவும் நான் வாயைத் திறக்கல." மகன் பக்கம் திரும்பினாள். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும் என்று இருந்தது, சொன்னாள்.

"என் பையனுக்கு வலிப்பு வந்தது. நூத்திப் பத்து நொடி. அடுப்புக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். மூச்சு நின்னு உதடு நீலமாப் போச்சு. அதுக்கப்புறம் இன்னும் ரெண்டு தடவை வந்திருக்கு."